உணவும் நஞ்சும் புற்றுநோயும்

இளம் அறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு

2024ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் தமிழக அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்ததை யாவரும் அறிவர். புதுச்சேரியில் அதற்குச் சில நாட்கள் முன்னரே தடை வந்துவிட்டது. சென்னையில் எடுத்த மாதிரிகளை அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் சோதித்தபோது ரோடமின்-பி என்னும் சாயம் கலந்திருப்பது தெரியவந்தது. துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம் அது. அப்போது நான் பிளஸ் டூ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவுக்கு மணி அடித்துக்கொண்டு வரும் பஞ்சு மிட்டாய்க்காரரைப் பார்த்து எங்கள் ஆயா, "பச்சப் புள்ளைங்க வாயில புத்துநோயை வெக்கிறியே, நல்லாயிருப்பியா?" என்று சத்தம் போட்டார். அவர் ஒன்றும் புரியாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். கடையில் கலர்ப் பொடி என்று கேட்டு வாங்கிய பொருள் இன்னதென்று அவருக்கே தெரிந்திருக்குமா என்பது ஐயம்தான்.

ஆயா அன்று பேசும்போது வாயில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் அடக்கி வைத்திருந்தார். அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அவர் வாயில் வெற்றிலை இல்லாமல் நான் பார்த்ததே இல்லை என்பதுதான் காரணம்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் நானே முதல். ஆகவே வீட்டாருக்கு நான் பாதி டாக்டர். "நீ கெமிஸ்ட்ரிதானே படிக்கிறே, சொல்லு, இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்காத நாளில்லை. சென்ற ஆண்டு அம்மா கைப்பேசியில் ஒரு படம் பார்த்துவிட்டு, பாலும் முட்டையும் புற்றுநோயை வளர்க்கின்றன, இது எலிகளைக் கொண்டு நிரூபிக்கப்பட்டது என்று நம்பி, எட்டாம் வகுப்புப் படிக்கும் என் தங்கைக்கு முட்டை கொடுப்பதையே நிறுத்திவிட்டார். "இந்த எலிகள் எங்கே, யார் வளர்த்தவை?" என்று தேடப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை. தேடிப் போனால் அவற்றுள் முதல் எலிகள் நம் நாட்டு எலிகளாகவே இருந்தன. அங்கே போகுமுன் ஒரு பொருள் புற்றுநோய் தரும் என்று எப்படி அறிகிறார்கள் என்பதைச் சிறிது பார்க்க வேண்டும்.

1775இல் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், சிறுவயது முதல் புகைபோக்கி துடைக்கும் தொழிலாளருக்கு விரைப்பையில் புற்று வருவதைக் கண்டு, அதற்குக் காரணம் புகைக்கரியே என்றார். மனிதர்களைப் பார்த்து அறிந்தது இது. 1915இல் ஜப்பானில் யாமகிவா, இச்சிகாவா ஆகிய இருவரும் முயலின் காதில் பல மாதங்கள் விடாமல் நிலக்கரித் தார் தடவிப் புற்றை உண்டாக்கிக் காட்டினர். இது விலங்குச் சோதனை. பின்னர் 1930களில் அதே ஜப்பானில் கினோஷிட்டா என்பவர், வெண்ணெய்க்கு மஞ்சள் நிறமூட்டப் பயன்பட்ட 'பட்டர் யெல்லோ' என்னும் அசோ சாயத்தை எலிகளுக்கு உணவில் கலந்து கொடுத்தபோது அவற்றின் கல்லீரலில் புற்று தோன்றியது. உண்ணும் சாயத்தின் மீது உலகுக்கு ஐயம் பிறந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. அந்த எலிகளின் உணவில் ஈஸ்டையும் ரிபோஃபிளேவின் என்னும் வைட்டமினையும் சேர்த்தால் புற்று குறைகிறது என்பது பின்னர் தெரியவந்தது. அதாவது விளைவைத் தீர்மானித்தது சாயம் மட்டுமல்ல, அதனுடன் உண்ட சோறும்கூட.

(பாட் கண்ட புகைக்கரியைப் படித்தபோது என் தந்தையாரின் நினைவு வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர். சரியாகச் சுத்திகரிக்கப்படாத கனிம எண்ணெய் தோலில் புற்றுநோய் தருவது உறுதி செய்யப்பட்ட ஒன்று. எண்ணெய்த் துணியைப் பேன்ட் பையில் செருகி வைக்கும் வழக்கத்தை அப்பா இப்போது விட்டுவிட்டார். சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதாகவும் சொல்கிறார், நம்புகிறேன்.)

1970களில் கலிபோர்னியாவின் புரூஸ் ஏம்ஸ் எளிய முறை ஒன்றைத் தந்தார். ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தைத் தானே செய்துகொள்ள இயலாத சால்மோனெல்லா பாக்டீரியாவை, ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் விடுகிறார்கள். சோதிக்கும் பொருள் அதன் மரபணுவை மாற்றினால் சில பாக்டீரியாக்கள் மீண்டும் அந்த ஆற்றலைப் பெற்று வளர்ந்துவிடும். இதில் ஒரு நுட்பம்: தட்டில் எலியின் கல்லீரலை அரைத்த சாற்றையும் சேர்க்கிறார்கள். பல பொருள்கள் வயிற்றுக்குள் போகும்போது சாதுவாக இருக்கின்றன. கல்லீரல் அவற்றை வெளியேற்றும் முயற்சியில் வேறு உருவாக்கும்போதுதான் கொடியவை ஆகின்றன. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஹைதராபாத் எலிகளின் புதிர் இதில்தான் அவிழும்.

பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய சான்றுகளை எடைபோட்டுப் பொருள்களை வகைப்படுத்துகிறது. மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்றால் முதல் வகை. கிட்டத்தட்ட உறுதி, இருக்கக்கூடும் என்பவை இரண்டாம் வகையின் இரு பிரிவுகள். சான்று போதாமையால் வகைப்படுத்த இயலாதவை மூன்றாம் வகை. இது சான்றின் வலிமையைக் காட்டும் வரிசையே தவிர நஞ்சின் வலிமையைக் காட்டுவதன்று. முதல் வகையில் புகையிலையும் இருக்கிறது, பதப்படுத்திய இறைச்சியும் இருக்கிறது. இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று யாரும் சொல்லவில்லை.

இனி, நம் பஞ்சு மிட்டாய்ச் சாயம் எந்த வகை? மூன்றாம் வகை! எனக்கே இது வியப்பாக இருந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2005இல், ரோடமின்-பி மரபணுவைத் தாக்கிப் புற்றுநோய் தரக்கூடியதாகக் கருதத்தக்கது என்றது. ஆக, ஐயம் வலுவானது. மனிதரிடம் நிரூபணம் இல்லை. அப்படியானால் தடை தவறா? இல்லை என்பதே என் கருத்து. இந்தியாவில் உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட செயற்கைச் சாயங்கள் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோசின் முதலிய எட்டுதான். அவற்றுக்கும் இன்ன பண்டத்தில் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரம்பு உண்டு. ரோடமின் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆலைக்காகச் செய்யப்பட்டதால் அதன் தூய்மைக்கு யாரும் பொறுப்பில்லை. அது உணவுக்குத் தரும் பயன் ஒரே ஒரு கவர்ச்சி. பயனே இல்லாத ஒன்றின் ஐயத்தைக் குழந்தைகள் ஏன் சுமக்க வேண்டும்? இப்போது எங்கள் தெருவுக்கு வெள்ளைப் பஞ்சு மிட்டாய் வருகிறது. சுவை ஒன்றே.

இனி எலிகளுக்கு வருவோம்.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. காரணம் தீவனத்திலிருந்த பிரேசில் நாட்டு நிலக்கடலைப் பிண்ணாக்கு. அதில் பூத்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சுக்கு அப்பூஞ்சணத்தின் பெயராலேயே அஃப்ளாடாக்சின் என்று பெயர் சூட்டினர். எந்த ஆலையிலும் செய்யாத, முற்றிலும் இயற்கையான நஞ்சு. இதுவோ ஐயத்துக்கு இடமின்றி முதல் வகை. கல்லீரலில் புற்று விளைவிப்பது. சாயத்துக்கு மில்லிகிராமில் வரம்பு வைத்தால் இதற்கு மைக்ரோகிராமில் வைக்கிறார்கள். ஒரு மில்லிகிராமை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம். வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்நஞ்சு முழுதும் அழிவதில்லை. "இயற்கையானது, ஆகவே தீங்கற்றது" என்று பேசுவோர் ஒருமுறை கருத்த நிலக்கடலையைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

இச்செய்தி இந்தியாவை உலுக்கியதற்குத் தனிக் காரணம் உண்டு. ஏழைக் குழந்தைகளின் புரதக் குறைவைப் போக்க நிலக்கடலை மாவையே அன்று பெரிதும் நம்பியிருந்தனர். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் ஆக்கிய பல்நோக்கு உணவில் பெரும்பகுதி கடலை மாவுதான். அந்த மாவில் நஞ்சு இருந்தால், ஏற்கெனவே மெலிந்த குழந்தைக்கு என்ன ஆகும்?

இக்கேள்வியை எடுத்துக்கொண்டது ஹைதராபாத் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடம். இதன் தொடக்கம் நம் நீலகிரியில். 1918இல் குன்னூரில் ஒரு சிறு ஆய்வுப் பிரிவாகத் தோன்றி, 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அதன் இயக்குநராக அன்று இருந்தவர் டாக்டர் சி. கோபாலன். 1918இல் சேலத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 2019இல் நூறு வயது கடந்து மறைந்தவர். நம் ஊர்க்காரர் என்று பெருமை கொள்ளலாம்.

டாக்டர் டி.வி. மாதவனும் அவரும் 1965இல் வெளியிட்ட ஆய்வில், இளம் எலிகளுக்கு அஃப்ளாடாக்சின் கொடுத்தபோது, புரதம் குறைந்த உணவு உண்டவற்றின் கல்லீரலே மிகுதியாகச் சிதைந்தது. எதிர்பார்த்த விடைதான். 1968இல் வெளிவந்த இரண்டாம் ஆய்வுதான் யாவரையும் திகைக்கவைத்தது. நீண்ட நாள் நஞ்சு கொடுத்த எலிகளில், உணவில் 20 சதவீதம் கேசின் என்னும் பால் புரதம் பெற்றவற்றுக்குக் கல்லீரல் புற்று வந்தது. 5 சதவீதமே பெற்றவற்றுக்குப் புற்று வரவில்லை. நன்றாகத் தின்றவை நோயுற்றன, அரைவயிறு தின்றவை தப்பின என்பது போல!

இதற்கு விளக்கம் முன்னே சொன்ன கல்லீரலில் இருக்கிறது. அஃப்ளாடாக்சின் உள்ளே வந்த உருவில் மரபணுவைத் தாக்குவதில்லை. கல்லீரலின் நொதிகள் அதை எபாக்சைடு என்னும் துடிப்பான உருவுக்கு மாற்றும்போதுதான் அது டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்கிறது. நொதி என்பதும் புரதமே. உணவில் புரதம் குறைந்தால் அந்த நொதிகளின் வேகம் குறைகிறது, எபாக்சைடும் குறைகிறது. பின்னாளில் அமெரிக்க உயிர்வேதியியலார் டி. காலின் கேம்ப்பெல் இதைப் பல்லாண்டு ஆராய்ந்தார். பிலிப்பைன்சில் குழந்தைகளின் ஊட்டக் குறைவைப் போக்கும் பணியில் இருந்தபோது ஹைதராபாத் ஆய்வைப் படித்ததே தம்மைத் திசை திருப்பியது என்று அவர் எழுதியிருக்கிறார். 2005இல் அவர் வெளியிட்ட நூல், விலங்குப் புரதமே புற்றுநோய்க்குப் பெருங்காரணம் என்னும் அளவுக்கு வாதாடியது. அம்மா கைப்பேசியில் பார்த்த படம் அதன் பேரப்பிள்ளை என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு நான் சொன்ன விடையை இங்கே எழுதுகிறேன். அந்த எலிகள் எல்லாமே நஞ்சு உண்டவை. நஞ்சு இல்லாத எலிக்குப் பால் கொடுத்துப் புற்று வரவழைத்த ஆய்வு அல்ல அது. 20 சதவீதம் கேசின் என்பது ஆய்வுக்கூட எலிகளுக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் தீனி. 5 சதவீதம் என்பது வளர்ச்சி குன்றும் அளவு. அதே நஞ்சு புரதம் குறைந்த எலியின் கல்லீரலைச் சீக்கிரமே சிதைத்துவிடுகிறது என்பதை 1965 ஆய்வு காட்டிவிட்டது. இரண்டில் ஒன்றை மட்டும் படிப்பது நியாயமன்று. மேலும் ஒன்று: கேம்ப்பெல் குழுவினரே கேசினுக்குப் பதில் கோதுமைப் புரதம் கொடுத்தபோது எலிகளுக்குப் புற்றின் முன்மாற்றங்கள் மிகவில்லை, கோதுமையில் குறைவாக உள்ள லைசின் அமினோ அமிலத்தைச் சேர்த்ததும் கேசினைப் போலவே மிகுந்தன. அரிசியிலும் லைசின் குறைவு. நாம் அதை ஈடுகட்டுவது பருப்பால். எலிக்கு வந்ததை அப்படியே மனிதருக்கு மாற்றுவதென்றால், சோற்றில் சாம்பார் ஊற்றுவதையும் குற்றம் என்று சொல்ல நேரும்!

மனிதரிடம் நடந்ததும் நம் நாட்டுச் செய்தியே. 1974இன் இறுதியில் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டச் சிற்றூர்களில், பருவம் தவறிய மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு 397 பேர் கடும் மஞ்சள் காமாலையுற்றனர். 106 பேர் மாண்டனர். அதே உணவைத் தின்ற வீட்டு நாய்களும் செத்தன. ஆராய்ந்து சொன்னவர்கள் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார். அங்கே வேண்டியிருந்தது உலர்ந்த தானியமும், வேறு தானியம் வாங்கக் காசும். புரதத்தைக் குறைக்கச் சொல்லி அவர்களிடம் யார் போவது?

தங்கைக்கு இப்போது முட்டை கிடைக்கிறது. கடலையை மட்டும் அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கிவிட்டு வறுக்கிறார். இது நல்ல பழக்கம் என்று நானும் கூட உட்கார்ந்துகொள்கிறேன்.

இந்தத் தேடலின்போது கண்ட ஒரு கணக்கு என்னை வேறு பக்கம் இழுத்துச் சென்றது. 1981இல் ரிச்சர்ட் டால், ரிச்சர்ட் பீட்டோ என்னும் ஆங்கில அறிஞர்கள் அமெரிக்காவின் புற்றுநோய் மரணங்களைக் காரணவாரியாகப் பிரித்தனர். புகையிலைக்கு 30 சதவீதம். உணவுப் பழக்கத்துக்கு 35. ஆனால் அது 10 முதல் 70 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று அவர்களே ஒப்புக்கொண்டனர். உணவில் சேர்க்கும் சாயம் முதலிய பொருள்களுக்கோ 1 சதவீதத்துக்கும் குறைவு. அது அமெரிக்கக் கணக்கு. நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் அதைப் படித்த இரவு ஆயாவின் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

தாம்பூலத்தைப் பற்றிய செய்தி நூறாண்டுப் பழமையானது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் அன்று திருவிதாங்கூரிலும் இருந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனையிலிருந்து டாக்டர் பென்டால் 1,700 புற்றுநோயாளரைப் பற்றி 1908இல் எழுதினார். அதே ஊரிலிருந்து டாக்டர் ஆர் 1933இல், வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றைப் பற்றியே எழுதினார். 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தின் டாக்டர் வி. சாந்தாவும் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் 1959இல் வாய்ப்புற்றின் காரணங்களை ஆராய்ந்து பிரிட்டிஷ் இதழில் வெளியிட்டனர். புகையிலை சேர்த்த தாம்பூலம் 1980களிலேயே முதல் வகையில் வைக்கப்பட்டது. "புகையிலை இல்லாமல் போட்டால் ஒன்றுமில்லை" என்று சொல்லிவந்தோருக்கு 2004இல் விடை வந்தது: புகையிலை இல்லாத தாம்பூலமும் முதல் வகை, வெறும் கொட்டைப் பாக்கும் முதல் வகை. பாக்கிலுள்ள அரிகோலின் முதலிய ஆல்கலாய்டுகள் எச்சிலில் நைட்ரசமின்களாக மாறுகின்றன. சுண்ணாம்பின் காரத்தன்மை அங்கே தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நார் படர்ந்து, வாய் மெல்ல மெல்லத் திறக்க இயலாமல் போகிறது. காரம் பட்டால் எரியும். இந்நிலை சிலருக்குப் புற்றாக மாறும்.

இதைப் படிக்கும்போதே எனக்கு உடல் சிலிர்த்தது. ஆயா ஓராண்டாகக் குழம்பில் மிளகாய் கூடிவிட்டது என்று அம்மாவோடு சண்டையிட்டு வந்தார். இட்லியைச் சிறிது சிறிதாகப் பிட்டுத்தான் வாயில் போடுவார். வயதாகிவிட்டது என்று நினைத்திருந்தோம். பூந்தமல்லியில் முப்பது ஆண்டு பூக்கட்டி விற்றவர். பசியை மறக்க வெற்றிலை போடப் பழகியதாகச் சொல்வார். அன்று அவர் கையின் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விடச் சொன்னேன். சாதாரணமாக மூன்றும் நுழைய வேண்டும். இரண்டுதான் நுழைந்தன.

பல் மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு அழைத்துப் போனோம். கன்னத்திலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதித்தனர். விடை வரும்வரை பத்து நாட்கள் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. புற்று இல்லை, நார் படர்ந்த நிலை, முழுதும் பழையபடி ஆகாது, பாக்கையும் புகையிலையையும் அறவே விட்டு, மாதாமாதம் வந்து காட்ட வேண்டும் என்றனர்.

"அம்பது வருஷமா போடறேன், இப்பதான் கெடுதியா?" என்றார் ஆயா. ஐம்பது ஆண்டு என்பதுதான் கெடுதி என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். புகையிலையை ஒரே நாளில் விட்டார். பாக்கை விட மூன்று மாதம் ஆயிற்று. நடுவில் தங்கையைக் கடைக்கு அனுப்பி வாங்கியதும் உண்டு. இப்போது வெறும் வெற்றிலையை மென்றுவிட்டு, "மாடு தழை தின்ன மாதிரி இருக்குதுடா" என்கிறார். முதல் ஞாயிறுதோறும் கண்ணாடி முன் உட்காரவைத்து விரல்களை அளந்து பார்க்கிறோம். சென்ற ஞாயிறும் இரண்டு விரல்தான், குறையவில்லை.